டார்ச் லைட்டும் சோத்தாவும்: ரோந்து போகிறவர்களின் சந்தேகங்கள்

மலேசியாவின் ஜெராம் வட்டாரத்தில் ஒரு கோயில் மண்டபம். இரவு ரோந்து பற்றிய பேச்சு. செம்பனைக் குலை காணாமல் போகிறது, மோட்டார் காணாமல் போகிறது, வெள்ளிக்கிழமை இரவுகளில் யாரோ புதியவர்கள் தீம்பார் சாலையில் திரிகிறார்கள் என்று ஆளுக்கொரு குறை. நடுவில் ஒரு தம்பி எழுந்து, இணையத்தில் வாங்கிய இரும்புத் தடியை எடுத்து மணிக்கட்டை ஒரு உதறு உதறினார். மூன்று அடுக்கும் சடசடவென்று நீண்டு பூட்டிக்கொண்டன. அந்தச் சத்தத்திலேயே மண்டபம் அடங்கிவிட்டது.

பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் மட்டும், “சரிப்பா, இப்ப மடக்கிக் காட்டு” என்றார். தம்பிக்கு மடக்கத் தெரியவில்லை. இழுத்தார், அழுத்தினார், திருகினார். கடைசியில் முன்னாள் துணைப் போலீஸ்காரர் ஒருவர் வாங்கி, நுனி கீழே பார்க்க நேராகப் பிடித்துச் சிமெண்டுத் தரையில் ஓங்கி ஒரு குத்து குத்தினார். மடங்கியது. “கெட்டித் தரை இருந்தாத்தான் இது மடங்கும். செம்பனைக் காட்டுச் சேத்துல என்ன செய்வ?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்து வாசகர்களிடம் அன்றும் அதன் பிறகும் கேட்ட சந்தேகங்கள் இவை.

சோத்தா என்று எதைச் சொல்கிறோம்? எல்லாத் தடியும் ஒன்றுதானா?

மலாயில் சோத்தா என்றால் போலீசும் ஜாகா எனும் காவலாளியும் இடுப்பில் வைத்திருக்கும் குட்டைத் தடி. நம் ஊரில் மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது, மரத்திலோ பிரம்பிலோ கெட்டி ரப்பரிலோ செய்த நேர்த்தடி. இரண்டாவது, பக்கவாட்டில் பிடி வைத்த ‘டி’ வடிவத் தடி. ஒக்கினாவாத் தீவின் தொன்ஃபா என்ற தற்காப்புக் கருவியின் வாரிசு இது. 1970-களில் அமெரிக்காவின் மொனாட்நாக் நிறுவனம் இதைப் ‘பிஆர்-24’ என்ற பெயரில் போலீசுக்காகக் கொண்டுவந்தது. 24 என்பது அங்குலக் கணக்கு. மூன்றாவது, தம்பி உதறிக் காட்டிய நீளும் தடி. 1976-இல் தொடங்கிய ‘ஏஎஸ்பி’ நிறுவனத்தால் உலகெங்கும் பரவியது. மடக்கினால் ஒரு சாண்தான், சட்டைக்குள் மறைந்துவிடும். விற்பவர்கள் அதைத்தான் வசதி என்கிறார்கள். உங்களைச் சோதிக்கும் போலீஸ்காரருக்குச் சந்தேகம் வருவதும் அதனால்தான்.

தினமும் காலையில் சபிட் அரிவாளை மோட்டாரில் கட்டிக்கொண்டு குலை வெட்டப் போகிறோம். யாரும் பிடிப்பதில்லை. ஒரு முழத் தடி வைத்திருந்தால் மட்டும் குற்றமா?

கேள்வி நியாயமானது. சபிட்டோடு ஒப்பிட்டால் சோத்தா விளையாட்டுச் சாமான்தான். ஆனால் சட்டம் கூர்மையை மட்டும் பார்ப்பதில்லை.

1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் ஆபத்தான ஆயுதங்கள் சட்டத்தில் (சட்டம் 357) ஆயுதம் என்பதற்கான விளக்கம் மிக அகலம். தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அதற்குள் வந்துவிடும். சபிட்டும் வரும், சோத்தாவும் வரும், ஸ்டியரிங் பூட்டும் வரும். பொதுச் சாலையிலோ பொது இடத்திலோ சட்டப்படியான அதிகாரமோ சட்டப்படியான நோக்கமோ இல்லாமல் அதை வைத்திருப்பதுதான் 6(1)-ஆவது பிரிவின்படி குற்றம். நிரூபணமானால் சிறைத் தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாது, 10 ஆண்டுக்கு மேற்போகாது, பிரம்படியும் கிடைக்கலாம். அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்கு வரும் சங்கதி இல்லை.

காலை ஆறரை மணிக்கு, காலில் பூட்ஸ், தலையில் தொப்பி, மோட்டாரில் நீளக் கம்பும் சபிட்டும் என்றால் பார்த்ததுமே காரணம் தெரிகிறது. அதே சபிட்டை இரவு பதினொன்றுக்கு அசாம் ஜாவா சாப்பாட்டுக் கடை வாசலில் வைத்துக்கொண்டு நின்றால் காரணத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சோத்தாவின் சங்கடமும் இதுதான். அதற்குக் குலை வெட்டும் வேலையோ தேங்காய் உரிக்கும் வேலையோ கிடையாது. “எதுக்கு வச்சிருக்க?” என்று கேட்டால் “அடிக்கத்தான்” என்பதைத் தவிர வேறு பதில் கிடைப்பது கடினம். “பாதுகாப்புக்கு” என்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதை ஏற்பதா என்பது முதலில் சாலையில் நிறுத்தும் போலீஸ்காரர் கையில், பிறகு மாஜிஸ்திரேட் கையில். என்னைக் கேட்டால், அந்தப் பதிலை நம்பிக் காரில் தடியை வைத்துக்கொண்டு சாலையில் போக மாட்டேன்.

தோட்டத்து ஜாகாவும் ரேலாக்காரர்களும் வைத்திருக்கிறார்களே?

அவர்களுக்குப் பின்னால் ஒரு சட்டமோ உரிமமோ இருக்கிறது. துணைப் போலீஸ் 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி நியமிக்கப்படுகிறது. பெரிய தோட்ட நிறுவனங்களில் பார்க்கலாம். தனியார் காவல் நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டுத் தனியார் முகவாண்மைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்றவை. மக்கள் தொண்டர் படையான ரேலா 1972 ஜனவரி 11-இல் தொடங்கியது. இப்போது அதற்கு 2012ஆம் ஆண்டின் தனிச் சட்டமே உண்டு. அதே 2012-இல் வந்த ருக்குன் தெத்தாங்கா சட்டம்தான் (சட்டம் 751) குடியிருப்பு ரோந்துக்கும் அடிப்படை. நம்மவர்கள் ‘எஸ்ஆர்எஸ்’ என்று சொல்வது அந்த ரோந்தைத்தான்.

இந்த அதிகாரம் வேலை நேரத்துக்கும் வேலைப் பகுதிக்கும் உரியது. ஜாகா வேலை முடிந்ததும் சோத்தாவை இடுப்பில் செருகிக்கொண்டு கல்யாண விருந்துக்குப் போனால் அவரும் உங்களையும் என்னையும் போலத்தான். ஆகவே ரோந்து போக விரும்பும் இளைஞர்கள் முதலில் செய்ய வேண்டியது இணையத்தில் தடி வாங்குவதல்ல. ருக்குன் தெத்தாங்காவில் பெயரைப் பதிந்து, எந்த நாள், எந்தப் பாதை, யார் யார் என்று பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, தெரியப்படுத்திவிட்டு, என்ன கருவி கொண்டு போகலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

“உயிருக்கு ஆபத்தில்லாத ஆயுதம்” என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே?

போட்டவர் வியாபாரி. இந்தத் துறையில் இருப்பவர்கள் ‘உயிர் பறிக்காத’ என்ற சொல்லைக் கைவிட்டு நாளாகிறது. ‘உயிராபத்து குறைந்த’ என்றுதான் சொல்கிறார்கள். ஐக்கிய நாட்டு மனித உரிமை அலுவலகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டிருக்கிறது. தடியடி பற்றி அது சொல்வது சுருக்கம்தான்: கை, கால் தசைகளை மட்டுமே குறிவைக்கலாம், தலை, கழுத்து, முதுகெலும்பு, சிறுநீரகப் பகுதி, வயிறு கூடாது, வன்முறையில் இறங்காத, இறங்கப்போவதாக மிரட்டாத ஆளின் மேல் தடியே விழக்கூடாது. அமெரிக்கப் போலீஸ் பயிற்சியில் மனித உடல் படம் ஒன்றைச் சுவரில் மாட்டி, தொடையையும் கெண்டைக்காலையும் பச்சையிலும், முட்டியையும் முழங்கையையும் மஞ்சளிலும், தலையையும் முதுகுத்தண்டையும் சிவப்பிலும் காட்டுவார்கள்.

படத்தில் இருப்பவர் அசையாமல் நிற்கிறார். இருட்டில், சேற்றில், ஓடுகிற ஆள் குனிந்தால் தொடைக்கு வைத்த அடி தலையில் விழும்.

மருத்துவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அடி விழும்போது யாராயிருந்தாலும் கையைத் தூக்கி முகத்தை மறைப்பார்கள்; அடி முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் இறங்கும். அந்த எலும்பு தனியாக முறிவதற்கு எலும்பு மருத்துவத்தில் பெயரே ‘போலீஸ் தடி முறிவு’ என்கிற அர்த்தத்தில்தான் இருக்கிறது. தசையில்தானே அடிக்கிறோம் என்று திரும்பத் திரும்ப அடித்தால் வேறு ஆபத்து. நசுங்கிய தசையிலிருந்து கசியும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். எலும்பு முறிவில்லை, தலையில் காயமில்லை; சிறுநீர் மட்டும் தேநீர் நிறத்தில் போகும். அடி வாங்கியவர் யாராயிருந்தாலும் அந்த நிறத்தைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தஞ்சோங் காராங் மருத்துவமனையோ வேறெதுவோ, உடனே போக வேண்டும்.

குலை திருடுகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் ரெண்டு போடலாமா?

மண்டபத்தில் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். சிரித்துக்கொண்டே கேட்டார்கள், ஆனால் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பிடிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 27-ஆவது பிரிவு, வாரண்டு இல்லாமல் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றத்தைத் தன் கண்ணெதிரே செய்பவனைச் சாதாரண மனிதரே பிடிக்க இடம் தருகிறது. பிடித்தால் வீண் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். பிடிபட்டவன் தப்பாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கட்டுப்படுத்தலாம் என்கிறது 19-ஆவது பிரிவு. செம்பனை மரத்தில் கட்டி வைத்து, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டு, விடிந்த பிறகு பாலாய்க்குத் தகவல் சொல்வது இந்த இரண்டு பிரிவுக்குள்ளும் அடங்காது. அந்தப் படமே நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சி.

தற்காப்பு வேறு கணக்கு. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகின்றன. அவன் சபிட்டை ஓங்கிக்கொண்டு வந்தால் கையில் கிடைத்ததை எடுத்துத் தடுக்கலாம். அது சோத்தாவா விறகா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. போலீசை அழைக்க நேரமிருந்தால் அழைத்திருக்க வேண்டும். திருட்டில் அந்த உரிமைக்கு முடிவெல்லையும் உண்டு: பொருள் திரும்பக் கிடைத்துவிட்டால் உரிமை அங்கேயே முடிந்தது. குலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்திப்போய் முதுகில் அடித்தால் அது தற்காப்பு அல்ல. ஆயுதத்தால் காயப்படுத்திய குற்றம், பிரிவு 324. அந்தக் குலைக்குச் சந்தையில் என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, டார்ச் லைட் வாங்கலாம் அல்லவா? 39 வெள்ளிக்கு லட்சம் லூமன் என்கிறார்கள்.

தாராளமாக வாங்கலாம். ரோந்துக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. அந்த லட்சம் லூமனை மட்டும் நம்ப வேண்டாம்.

கித்தா காட்டுக் காலத்தில் நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு பால் வெட்டப் போனவர்களுக்குத் தெரியும், தேவைப்படுவது கைக்கெட்டும் தூரத்து வெளிச்சம். ரோந்துக்குத் தேவைப்படுவது தூரத்து வெளிச்சம். லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியேறும் மொத்த ஒளி. அது எவ்வளவு தூரம் குவிந்து பாய்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. நல்ல நிறுவனங்கள் பெட்டியில் ‘எஃப்எல்1’ என்ற தரக் குறியீட்டோடு பாயும் தூரத்தை மீட்டரில் போடும். அந்தத் தூரத்தின் முடிவில் கிடைக்கும் ஒளி 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவொளி. அதாவது 200 மீட்டர் என்று போட்டிருந்தால் 200-ஆவது மீட்டரில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. முகம் தெரிய அதில் பாதிக்கும் குறைவான தூரம்தான். கணக்குப் போட விரும்புகிறவர்கள் கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்: 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர்.

மின்கலத்தையும் கவனியுங்கள். இப்போது வரும் டார்ச்சுகளில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். அந்த அளவுச் செல்லில் உண்மையில் கொள்வது 3,500 மில்லி ஆம்பியர்-மணி சுற்றுவட்டாரம்தான். 9,900 என்று அச்சடித்திருந்தால் அச்சடித்தவன் துணிந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியொரு செல்லை நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன்; அரை மணியில் விளக்கு மின்மினி ஆனது. சூடேறும் மலிவுச் செல்லைச் சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டு வைப்பதும் ஆபத்து. மழைக்கு ‘ஐபிஎக்ஸ்7’ என்ற குறி இருந்தால் நல்லது. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். கால்வாயில் தவறி விழுந்தாலும் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம்.

ஒரு பழக்கம்: டார்ச்சை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்காமல், தோள் உயரத்தில் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடியுங்கள். எதிரில் இருப்பவன் வெளிச்சத்தைத்தான் குறிவைப்பான். இன்னொன்று, தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும், உங்கள் கண்ணுக்கும் சேர்த்து.

மின்னல் போல விட்டுவிட்டு எரியும் வெளிச்சம் ஆளைக் கிறங்க வைக்குமாமே?

கொஞ்சம் தடுமாற வைக்கும், விழ வைக்காது. குடித்தவன், கோபத்தில் இருப்பவன் நேராக வெளிச்சத்தை நோக்கியே வருவதும் உண்டு. வலிப்பு நோய் உள்ள சிலருக்கு நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டிவிடும். சாலையில் மோட்டாரில் வருகிறவர் கண்ணில் அடித்தால் அவர் போய் விழுவது வடிகாலில்தான். அந்தப் பொத்தானை மறந்துவிடுவது நல்லது.

டார்ச்சுக்கும் வழக்கு வருமா?

வெளிச்சத்துக்கு வராது, கனத்துக்கு வரும். 1979-இல் அமெரிக்காவில் ‘மேக்லைட்’ என்ற அலுமினிய டார்ச் வந்தது. நான்கு பெரிய பேட்டரி போட்டால் ஒரு கிலோ எடை, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். போலீசார் விரும்பி வாங்கினார்கள். வெளிச்சத்துக்காக மட்டும் அல்ல. 1992 நவம்பரில் டெட்ராய்ட் நகரில் போலீசார் டார்ச்சால் தலையில் அடித்ததில் கறுப்பினத்தவர் ஒருவர் உயிரிழந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2004-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ்காரர் ஒருவர், துரத்திப் பிடித்த ஆளை டார்ச்சால் 11 முறை அடித்ததைத் தொலைக்காட்சி ஹெலிகாப்டர் மேலிருந்து படம்பிடித்துவிட்டது. அதே நகரத்தில்தான் 1991 மார்ச் 3-ஆம் தேதி ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவர் மேல் போலீஸ் தடியடி விழுந்ததை ஒருவர் பால்கனியிலிருந்து படமெடுத்தார். 2007-இல் அந்த நகரப் போலீஸ் கனத்த டார்ச்சை ஒழித்துவிட்டு, அடிக்கவே உதவாத சிறிய எல்ஈடி டார்ச்சை வடிவமைக்கச் செய்து வாங்கியது. உபதேசமும் பயிற்சியும் செய்யாததை ஒரு கொள்முதல் முடிவு செய்தது. எனக்குப் பிடித்த தீர்வு இது. நம் ரோந்துக் குழுக்களும் உள்ளங்கையில் அடங்கும் டார்ச்சையே வாங்கட்டும்.

மிளகாய் ஸ்பிரே?

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தீங்கு தரும் திரவத்தையோ வாயுவையோ பீய்ச்சும் கருவியையும் ஆயுதம் என்ற விளக்கத்துக்குள் வைக்கிறது. கடையில் விற்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். பாலாயில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இருட்டில் டார்ச்சை முகத்தில் அடித்து “போலீஸ்” என்கிறவர் உண்மையில் போலீஸ்தானா? போலீசே அடித்தால்?

சீருடை இல்லாவிட்டால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், மரியாதையாகக் கேளுங்கள். மலேசிய வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட ‘சிவப்புப் புத்தகம்’ நிறங்களைச் சொல்கிறது: நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழ், வெள்ளை ரிசர்வ் போலீஸ். சிவப்பு என்றால் வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு அதிகாரமே இல்லை. டார்ச்சும் சோத்தாவும் கறுப்பு மேலங்கியும் வாங்கிப் போட்டுக்கொண்டு போலீஸ் போல நடப்பவர்களுக்குத் தண்டனைச் சட்டம் 170-ஆவது பிரிவு இருக்கிறது. 2 ஆண்டு வரை சிறை.

இரண்டாவது கேள்வி நம் சமூகத்தில் எங்கிருந்து எழுகிறது என்று விளக்கத் தேவையில்லை. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்த குகனை யாரும் மறக்கவில்லை. அவர் தாயார் தொடுத்த வழக்கில் 2013-இல் உயர்நீதிமன்றம் போலீசைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. 2020 ஜூனில் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தபோது இங்குள்ள தோட்டங்களிலும் அதுவே பேச்சு.

அடி பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டி எழுத்தில் பதிவு வாங்குங்கள். உருண்டைத் தடி தோலில் விடும் தடம் தனி விதம்: நடுவில் வெளுத்து, இரு பக்கமும் ரயில் தண்டவாளம் போல இரண்டு சிவப்புக் கோடுகள். அடித்த இடத்தில் ரத்தம் இருபுறமும் பிதுங்கி நாளங்கள் உடைவதால் அப்படி ஆகிறது. கீழே விழுந்தால் அப்படித் தடம் வராது. நாளாக நாளாகக் கோடுகள் கலங்கி ஒரே நீலமாகிவிடும். அதனால் படம் எடுப்பதை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். பக்கத்தில் ஒரு அடிக்கோலோ அடையாள அட்டையோ வைத்து எடுத்தால் அளவும் தெரியும். போலீஸ் புகாரை வேறு பாலாயிலும் செய்யலாம். 2023 ஜூலை 1 முதல் இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திடமும், மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும் மனு கொடுக்கலாம். போலீஸ் நடத்தை ஆணையத்துக்குப் பல் போதாது என்ற விமர்சனம் உண்டு, எனக்கும் அந்த எண்ணம்தான். அதற்காக மனு கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

கம்போங் குவாந்தான் ஆற்றோரம் இரவில் போக வேண்டியிருக்கிறது. அங்கே டார்ச் அடிக்கலாமா?

பெரெம்பாங் மரங்களில் மின்மினி கூடும் கரைப் பக்கம் அடிக்காதீர்கள். ஆண் பூச்சிகள் ஒன்றாக மின்னுவது பெண் பூச்சிகளை அழைக்க. பலத்த வெளிச்சம் பட்டால் அந்த அழைப்பு கெட்டுவிடும். டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, காலடியில் மட்டும் பார்த்து நடங்கள். பாம்பு இருந்தாலும் அங்கேதான் இருக்கும்.